1911 கைத்துப்பாக்கிக்கு நம்பகமான மேகசினைத் தேர்ந்தெடுக்கும் முறை

அமெரிக்காவில் முதன்முறையாக 1911 வகைக் கைத்துப்பாக்கி வாங்குகிறவர்கள் பிடியின் மரம், குறிமுள், உறை ஆகியவற்றைப் பற்றி வாரக்கணக்கில் யோசிப்பார்கள். தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் குழாயான மேகசினைப் பற்றி மட்டும் யோசிக்க மாட்டார்கள். பெட்டியோடு வந்த ஒன்றோ இரண்டோ போதும் என்று விட்டுவிடுவார்கள், அல்லது மலிவாகக் கிடைத்ததை நான்கைந்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். பிறகு சுடுதளத்தில் தோட்டா பாதியில் சிக்கி நிற்கும்போது துப்பாக்கியைத்தான் திட்டுவார்கள். நானும் அப்படித் திட்டியவன்தான். அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் தகரக் குழாய் ஒன்றின்மீது போயிருக்க வேண்டியது என்பது எனக்கு விளங்கச் சற்றுக் காலம் பிடித்தது.

காரணம் எளிது. அரைத் தானியங்கித் துப்பாக்கியில் ஒரு தோட்டா வெடிக்கும் விசையே, துப்பாக்கியின் மேற்புறத்தில் முன்னும் பின்னும் நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தோட்டாவின் வெற்று உறை வெளியே எறியப்படுகிறது. ஸ்லைடு ஸ்பிரிங்கின் பலத்தால் முன்னே திரும்பும் வழியில் மேகசினின் வாயில் நிற்கும் அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு போய், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடமான சேம்பரில் சேர்க்கிறது. இவ்வளவும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் நடந்துவிடும். அந்த நேரத்திற்குள் அடுத்த தோட்டா சரியான உயரத்திலும் சரியான சாய்விலும் வந்து நிற்க வேண்டும். அதை நிறுத்துவது மேகசின் ஒன்றே. அது ஒரு நூலளவு தாழ்ந்து நின்றாலும், சற்றுத் தாமதித்தாலும், முன்கூட்டியே தோட்டாவை விட்டுவிட்டாலும், எவ்வளவு விலையுயர்ந்த துப்பாக்கியும் நின்றுவிடும்.

ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. 1985-இல் பெரெட்டாவின் எம்9 தேர்வாகும் வரை அதுவே முறையான ராணுவக் கைத்துப்பாக்கியாக இருந்தது. அதன் மேகசின் 7 தோட்டாக்கள் கொண்டது. உருண்ட மூக்கும் செப்புக் கவசமும் உடைய 230 கிரெய்ன் எடையுள்ள குண்டு பொருத்தப்பட்ட, .45 ஏசிபி எனப்படும் தோட்டா வகை ஒன்றை மனத்தில் வைத்தே அந்த மேகசினின் ஒவ்வொரு வளைவும் அமைக்கப்பட்டது. இன்றைக்கு அதே துப்பாக்கியில் மூக்கு குழிந்த ஹாலோ பாயிண்ட் தோட்டாவையும் போடுகிறோம். 8 தோட்டா மேகசினும் கேட்கிறோம். 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான வடிவத்திலும் வாங்குகிறோம். குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

கையில் எடுக்கும் முன்

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். சேம்பரில் ஒரு தோட்டா இருக்கக்கூடும். பிரவுனிங்கின் பெயர் தாங்கிய ஹை பவர் துப்பாக்கியில் மேகசின் இல்லாவிட்டால் சுட முடியாதபடி ஓர் அமைப்பு உண்டு. பிரவுனிங்கின் அசல் 1911 வடிவமைப்பில் அது இல்லை. ஆகவே மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னே இழுத்துப் பூட்டி, சேம்பரைக் கண்ணாலும் சுண்டுவிரலாலும் சோதித்த பிறகே அடுத்த வேலை. வீட்டில் செய்யும் சோதனைகளுக்கு வெடிக்காத டம்மி தோட்டாக்களை மட்டும் பயன்படுத்த வேண்டும். உண்மையான தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தோட்டா நிரப்பிய மேகசினும் பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

முதலில் உங்கள் துப்பாக்கியையும் உங்கள் மாநிலத்தையும் அறிந்துகொள்ளுங்கள்

1911 என்ற ஒரே பெயரில் பல அளவுகள் விற்கின்றன. சட்டகம் என்பது பிடியும் சேர்ந்த துப்பாக்கியின் அடியுடல். முழு அளவுச் சட்டகத்தின் மேகசின் ஒரு நீளம். 1985-இல் கோல்ட் நிறுவனம் ஆஃபீசர்ஸ் என்ற பெயரில் வெளியிட்ட குட்டைச் சட்டகத்தின் மேகசின் வேறொரு நீளம், அதில் 6 தோட்டாக்களே அடங்கும். நீளமான மேகசின் குட்டைச் சட்டகத்திலும் நுழையும். ஆனால் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். ஸ்லைடு பின்னே பூட்டியிருக்கும்போது அதை ஓங்கி அடித்துச் செருகினால் அளவுக்கு மேல் உள்ளே ஏறி, வெற்று உறையை வெளியேற்றும் எஜெக்டரில் மோதிவிடலாம். குட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதற்கென்றே செய்த மேகசினை வாங்குவது நல்லது. 9 மில்லிமீட்டர், .38 சூப்பர், .45 ஆகிய தோட்டா வகைகளின் மேகசின்கள் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. துப்பாக்கியின் குழலில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும்.

மாநிலச் சட்டத்தையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. 1994 செப்டம்பர் 13 முதல் 2004 செப்டம்பர் 13 வரை 10 தோட்டாவுக்கு மேற்பட்ட புதிய மேகசின்களுக்கு நாடு முழுவதும் தடை இருந்தது. அது காலாவதியான பிறகும் சில மாநிலங்கள் தத்தம் வரம்பை வைத்திருக்கின்றன: கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி ஆகியவற்றில் 10, கொலராடோவில் 15. வழக்குகளும் திருத்தங்களும் தொடர்வதால் வாங்கும் நாளில் நிலவும் விதியையே பார்க்க வேண்டும். .45 வகை 1911-க்கு 7, 8 என்பதே வழக்கம் என்பதால் இந்தத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு இது பெரும்பாலும் தலைவலி இல்லை. கூடவே கிளாக் 17 போன்ற 17 தோட்டாத் துப்பாக்கி வாங்குபவருக்குத்தான் தலைவலி.

மேகசினை எப்படிப் பார்ப்பது

ஒரு மேகசினை மேசைமேல் வைத்து மேலிருந்து பாருங்கள். வாயின் இருபுறமும் உட்பக்கம் வளைந்த இரண்டு உதடுகள் தெரியும். தோட்டாவைப் பிடித்து வைத்திருப்பதும் தக்க நேரத்தில் விடுவதும் அவைதாம். 1911-இன் பழைய ராணுவ மேகசினில் இந்த உதடுகள் முன்னே போகப் போக மெதுவாக விரியும். ஸ்லைடு தோட்டாவைத் தள்ளும்போது அதன் பின்புறம் படிப்படியாக மேலெழுந்து, எக்ஸ்ட்ராக்டர் என்னும் கொக்கியின் அடியில் வழுக்கிப் போய் அமரும். அதுவரை உதடுகள் பிடியை முழுதும் விடுவதில்லை. குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்கள் தட்டை மூக்குடைய குட்டைத் தோட்டாக்களைப் பயன்படுத்தத் தொடங்கியபோது வேறொரு வகை வந்தது: உதடுகள் இணையாக ஓடிச் சட்டென்று முடியும், தோட்டா முன்னதாகவே ஒரே துள்ளலில் விடுபடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது மூன்றாம் வகை. சற்றே விரிந்து பின்னர் விடும். இப்போது கடைகளில் கிடைக்கும் நல்ல மேகசின்களில் பல இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை.

இதில் புதியவர் எதை எடுப்பது? உருண்ட மூக்குத் தோட்டாவை மட்டும் சுடுபவருக்குப் பழைய ராணுவ வகையே மிக மென்மையாக ஓடும் என்பது என் அனுபவம். ஹாலோ பாயிண்ட் தோட்டாவையும் சுடுவதாக இருந்தால் இடைப்பட்ட வகையை எடுங்கள். .45 தோட்டாவின் முழு நீளத்திற்கு வரம்பு 1.275 அங்குலம். உருண்ட மூக்குத் தோட்டா அந்த வரம்பை ஒட்டி வரும். ஹாலோ பாயிண்ட் அதைவிடக் குட்டையாக இருக்கும். குட்டையான தோட்டாவை உதடுகள் தாமதித்து விட்டால் அதன் மூக்கு தாழ்ந்து, சட்டகத்தின் சரிவில் முட்டி நின்றுவிடும். ஒரே மேகசின் ஒரு தோட்டாவுக்கு நன்றாகவும் மற்றொன்றுக்கு மோசமாகவும் நடந்துகொள்வது இதனால்தான்.

உதடுகளுக்குக் கீழே தோட்டாக்களைத் தாங்கி மேலே தள்ளும் பலகை ஒன்று உண்டு. அதை ஃபாலோயர் என்பார்கள். பழைய ராணுவ மேகசினின் ஃபாலோயரைத் தடவிப் பார்த்தால் நடுவில் சிறு புடைப்பு ஒன்று விரலில் தட்டும். அதை அழகுக்காக வைத்ததாக நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கடைசித் தோட்டாவுக்குக் கீழே அதை உரசிப் பிடித்து நிறுத்தும் வேறு தோட்டா எதுவும் இல்லை. சுடும்போது துப்பாக்கி பின்னே குதிக்க, தோட்டா தன் இடத்திலேயே நிற்க முயலும். அப்போது அது முன்னே நழுவி உதடுகளை விட்டு வெளியேறிவிடாமல் அந்தப் புடைப்புதான் தடுக்கிறது. வழவழப்பான தட்டை ஃபாலோயரும் தளர்ந்த ஸ்பிரிங்கும் ஒன்றுசேர்ந்த மேகசினில் கடைசித் தோட்டா தொல்லை கொடுப்பதன் இரகசியம் இதுவே. அலுமினியச் சட்டகம் உடைய துப்பாக்கிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: எஃகு ஃபாலோயரின் கூர்மையான முன்விளிம்பு சட்டகத்தின் சரிவில் மோதி மோதிப் பள்ளம் பறிக்கக்கூடும். அவர்கள் விளிம்பு மழுக்கப்பட்ட ஃபாலோயரைத் தேட வேண்டும்.

ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்லும்போது 7-ஆ 8-ஆ என்ற பழைய சண்டை வந்துவிடும். 7 தோட்டாவுக்கான குழாயில் எட்டாவதையும் அடக்க வேண்டுமானால் இடம் எங்கிருந்தாவது வர வேண்டும். ஃபாலோயரின் காலைக் குட்டையாக்கியும் ஸ்பிரிங்கைச் சுருக்கியும் அந்த இடத்தைப் பெறுகிறார்கள். அப்படிச் சுருக்கிய ஸ்பிரிங் முழுதும் நிரம்பியிருக்கும்போது மிகவும் நெருக்கப்படுகிறது. கடைசித் தோட்டாக்களை வேகமாகத் தள்ள வேண்டிய நேரத்தில் பலம் குறைந்து நிற்கிறது. சில தயாரிப்பாளர்கள் குழாயையே சற்று நீட்டி, நல்ல ஸ்பிரிங்கும் வைத்து இதைச் சரிசெய்திருக்கிறார்கள். வில்சன் காம்பாட், டிரிப் ரிசர்ச் ஆகியவற்றின் 8 தோட்டா மேகசின்கள் நற்பெயர் பெற்றவை. இருந்தாலும் புதியவர் ஒருவர் கேட்டால் 7-ஐத்தான் சொல்வேன். எட்டாவது தோட்டாவுக்காக நான் ஏங்கிய நாள் எதுவும் நினைவில் இல்லை.

குழாயின் உட்புறப் பூச்சும் சிறு விஷயம் அல்ல. 2003-க்குப் பிறகு ஈராக்கில் அமெரிக்கப் படைவீரர்கள் எம்9 மேகசின்களைப் பற்றிக் குறைகூறினார்கள். ராணுவமே கேட்டு வாங்கிய தடித்த, சொரசொரப்பான ஃபாஸ்ஃபேட் பூச்சு துருவைத் தடுத்தது. ஆனால் பாலைவனத்தின் நுண்மணலைப் பிடித்து வைத்துக்கொண்டது. வழவழப்பான உலர் பூச்சுக்கு மாறிய பிறகே மேகசின்கள் சரியாக ஓடின.

கடையில்

கோல்ட், ருகர், ஸ்பிரிங்ஃபீல்ட் ஆகிய எந்த நிறுவனத்தின் துப்பாக்கியாக இருந்தாலும், அதனுடன் வரும் மேகசினை அதே நிறுவனம் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. மேகசின் செய்வது தனித்தொழில். இத்தாலியின் மெக்-கார் நிறுவனம் உலகின் பல துப்பாக்கி நிறுவனங்களுக்கு மேகசின் செய்துகொடுக்கிறது. தன் பெயரிலும் விற்கிறது. அமெரிக்காவில் மெட்டல்ஃபார்ம், செக்-மேட் ஆகியவை அதேபோன்றவை. துப்பாக்கி நிறுவனத்தின் முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன், அதை உண்மையில் செய்தவர் யார் என்று விசாரித்தால் அதே பொருள் குறைந்த விலையில் கிடைக்கக்கூடும். தயாரிப்பாளர் பெயரே இல்லாமல், உறையில் ‘ராணுவ வகை’ என்று மட்டும் அச்சிட்டு விற்கப்படுவதைத் தொட வேண்டாம்.

நான் தொட்டேன். ஒரு துப்பாக்கிச் சந்தையில் மூன்றை ஒரே பிளாஸ்டிக் பையில் வாங்கினேன். மூன்றின் விலையும் சேர்ந்து நல்ல மேகசின் ஒன்றின் விலையைத் தாண்டவில்லை. இரண்டு ஒருவாறு ஓடின. மூன்றாவதில் கடைசித் தோட்டா ஒவ்வொரு முறையும் செங்குத்தாக எழுந்து நின்றது. எக்ஸ்ட்ராக்டரை மாற்றினேன், துப்பாக்கியின் ஸ்பிரிங்கை மாற்றினேன், ஒரு பழுதுபார்ப்பவருக்குக் கூலியும் கொடுத்தேன். அவர் எதையும் கழற்றாமல், மேகசினைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்து, ஓர் உதடு மற்றதைவிட உயர்ந்திருப்பதைக் காட்டினார். கண்ணுக்கே தெரிந்தது.

புதிய மேகசினைக் கையில் வாங்கியதும் அதைத்தான் செய்ய வேண்டும். இரண்டு உதடுகளும் ஒரே உயரத்திலும் ஒரே வளைவிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழாயின் பின்புறம் ஓடும் பற்றவைப்புக் கோட்டை நகத்தால் நீவுங்கள். பிசிறு தட்டக் கூடாது. ஃபாலோயரை விரலால் அடிவரை அழுத்தி மெல்ல விடுங்கள். எங்கும் தயங்காமல் ஒரே சீராக மேலே வர வேண்டும். கடைக்காரர் அனுமதித்தால் காலித் துப்பாக்கியில் செருகிப் பாருங்கள்: பிடியில் ‘டிக்’ என்று அமர வேண்டும், பொத்தானை அழுத்தியதும் தன் எடையாலேயே கீழே விழ வேண்டும்.

வீட்டிலும் சுடுதளத்திலும்

வாங்கிய ஒவ்வொரு மேகசினின் அடித்தட்டிலும் அழியாத மையால் எண் எழுதுங்கள். இந்த வழிகாட்டியில் எதைச் செய்யாமல் விட்டாலும் இதை விடாதீர்கள். எண் இல்லாத மேகசின் தவறு செய்துவிட்டு மற்றவற்றோடு கலந்துவிடும். பிறகு அடுத்த மாதம் மீண்டும் அதே தவறைச் செய்யும். எண்ணுக்கு ஒரு பக்கமாகச் சிறு குறிப்பேடும் வேண்டும்.

வீட்டில், காலி மேகசினைச் செருகி ஸ்லைடை முழுதும் பின்னே இழுங்கள். அது பின்னேயே பூட்டி நிற்க வேண்டும். பத்து முறை செய்தால் பத்து முறையும் நிற்க வேண்டும். அடுத்து, முழுக் கொள்ளளவுக்கும் டம்மி தோட்டாக்களை நிரப்பி, ஸ்லைடு மூடியிருக்கும்போது செருகுங்கள். அளவு மீறி வலுக்கொடுத்தால்தான் அமர்கிறது என்றால் உள்ளே தோட்டாக்கள் அசைய இடம் இல்லை என்று பொருள்.

டம்மியில் நன்றாக ஓடியதை வைத்து நம்பிவிட முடியாது. கையால் இழுக்கும் ஸ்லைடுக்கும் வெடிவிசையால் ஓடும் ஸ்லைடுக்கும் வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. ஆகவே சுடுதளத்தில், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிந்து, ஒவ்வொரு மேகசினையும் முழுதும் நிரப்பிச் சாதாரணப் பயிற்சித் தோட்டாவில் குறைந்தது 100 முறையாவது சுட்டுப் பாருங்கள். தற்காப்புக்கு வைத்துக்கொள்ளும் தோட்டா வேறு என்றால், விலை கடித்தாலும் அதே தோட்டாவை ஒவ்வொரு மேகசினிலும் மூன்று நான்கு முறை முழுதும் நிரப்பிச் சுடுவது தவிர்க்க முடியாதது. சிக்கல் எதுவும் வந்தால் உடனே எந்த எண், எத்தனையாவது தோட்டா, எப்படி நின்றது என்று எழுதிவிட வேண்டும்.

அந்தக் குறிப்பேடே பிறகு பேசும். ஒரே சிக்கல் எல்லா எண்களிலும் வந்தால் துப்பாக்கியைப் பாருங்கள். பெரும்பாலும் எக்ஸ்ட்ராக்டரின் இறுக்கம் தவறியிருக்கும். ஒரே எண்ணில் திரும்பத் திரும்ப வந்தால் குற்றவாளி அந்த மேகசின். ஸ்லைடு தோட்டாவின் பின்விளிம்பைப் பிடிக்காமல் அதன் நடுவுடலின் மேல் ஏறி நின்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, தோட்டா மேலே வருமுன் ஸ்லைடு முந்திவிட்டது. கடைசித் தோட்டா சுட்ட பிறகும் ஸ்லைடு பூட்டவில்லை என்றால் பெரும்பாலும் அதே தளர்ச்சிதான்; ஆனால் ஸ்லைடைப் பின்னே பூட்டும் நெம்பான ஸ்லைடு ஸ்டாப்பின் மேல் சுடுபவரின் கட்டைவிரல் அழுந்தினாலும் இதேதான் நடக்கும் என்பதால், இன்னொருவரைச் சுடச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பளியுங்கள். தோட்டா மிச்சமிருக்கும்போதே ஸ்லைடு பூட்டிக்கொண்டால், ஃபாலோயரோ குண்டின் மூக்கோ ஸ்லைடு ஸ்டாப்பைத் தட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கு கீழே குத்தி நின்றால் உதடுகளையும் தோட்டாவின் நீளத்தையும் சேர்த்துச் சந்தேகியுங்கள்.

உதடுகளை இடுக்கியால் வளைத்துச் சரிசெய்யலாம் என்று சுடுதளத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். கடினப்படுத்திய எஃகை வளைத்தால் விரிசல் விடும். விடாவிட்டாலும் சில நூறு தோட்டாக்களில் பழைய வளைவுக்கே திரும்பும். ஸ்பிரிங்கை மாற்றுவது சில டாலர் வேலை, அதைச் செய்யுங்கள். உதடு கெட்டதற்கு மருந்து இல்லை.

பராமரிப்பு

மேகசினுக்குள் எண்ணெய் ஊற்ற வேண்டாம். எண்ணெய் புகைக்கரியையும் தூசியையும் பிடித்துக் களிம்பாக்கும். தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்கும் நல்லதல்ல. உலர்ந்த துணியும் நீளமான தூரிகையும் போதும். அடித்தட்டு கழலும் வகையாக இருந்தால் வேலை சுலபம். பழைய ராணுவ வகையில் அடித்தட்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை வாய்வழியாகவே கழற்ற வேண்டும். ஃபாலோயரைக் கீழே அழுத்தி, பக்கவாட்டுத் துளை வழியே மெல்லிய ஆணியைச் செருகி ஸ்பிரிங்கை அங்கேயே நிறுத்துங்கள். பிறகு குழாயைக் கவிழ்த்துத் தட்டினால் ஃபாலோயர் மட்டும் விழும். வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு ஆணியை உருவினால் ஸ்பிரிங் கைக்குள் வந்து விழும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள். என் முதல் ஸ்பிரிங் அடுக்களை அலமாரியின் பின்னால் போய் விழுந்தது. எந்த முனை மேலே இருந்தது என்பதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்டால் ஃபாலோயர் சாய்ந்து நிற்கும்.

நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது. நல்ல ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை நிரம்பி நிற்பதைவிட நிரம்பி, காலியாகி, மீண்டும் நிரம்புவதே அதிகத் தேய்வைத் தருகிறது. நெருக்கி அடைத்த 8 தோட்டா மேகசின்களுக்கு மட்டும் அந்த அச்சத்தில் சிறிது நியாயம் உண்டு. பயிற்சிக்குச் சில எண்களையும் தற்காப்புக்குச் சோதனை முடித்த வேறு சில எண்களையும் தனித்தனியே ஒதுக்கிவிட்டால், தரையில் விழுந்து அடிபடுவது பயிற்சி மேகசின்களோடு நின்றுவிடும்.

தேறாத மேகசினைச் சுடுதளத்துக் குப்பைத்தொட்டியில் முழுதாகப் போடாதீர்கள். நல்லதாயிற்றே என்று யாராவது எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொள்வார்கள். சந்தையில் வாங்கிய அந்த மூன்றாவதை நான் பட்டறைப் பிடியில் வைத்து, இரண்டு உதடுகளும் ஒட்டும்வரை நசுக்கிய பிறகே எறிந்தேன். அதன் ஸ்பிரிங்கும் உதவாததாக இருந்தது. ஃபாலோயரை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், புடைப்பு இல்லாத ஃபாலோயர் எப்படி இருக்கும் என்று புதியவர்களுக்குக் காட்டுவதற்கு.